பேஸ்மென்டுக்குள் புதைந்த குழாய்

பேஸ்மென்ட் என்ற சொல்லுக்கு ஊருக்கு ஊர் பொருள் மாறும். நகரத்து அடுக்குமாடிக்காரருக்கு அது கார் நிறுத்தும் நிலவறை. கேரளத்துப் பெருங்கடவிளையில் ஒரு கொத்தனாரிடம் கேட்டால், அஸ்திவாரத்துக்கு மேல் ஒன்றரை இரண்டு அடி உயரத்துக்குக் கருங்கல் கட்டி, உள்ளே செம்மண் கொட்டி, தண்ணீர் விட்டு இடித்த மேடையைக் காட்டுவார். வீடு அதன்மேல் நிற்கும். பழைய வீடாக இருந்தால், தண்ணீர்க் குழாய் அதற்குள் கிடக்கும்.

அந்தக் குழாய் ஓட்டை விழுந்தால் என்ன செய்வது என்பதுதான் இந்த அத்தியாயம்.

எந்த வீடுகளுக்கு இது பொருந்தும்

நெய்யாற்றின்கரையை விட்டு மலையோரத்தை நோக்கிப் போகும் சாலைகளில், பெருங்கடவிளை, கொல்லயில், குன்னத்துக்கால், வெள்ளறடை என்று அடுத்தடுத்து வரும் ஊர்களில் நிலம் சமமாக இருப்பதில்லை. ரப்பர் மரங்களுக்கு நடுவே சரிவில் மண்ணை வெட்டி வீட்டுமனை எடுப்பார்கள். வெட்டிய பக்கம் கெட்டி மண். நிரப்பிய பக்கம் இளகிய மண். வீடு இரண்டின்மேலும் உட்கார்ந்திருக்கும். தண்ணீர் பெரும்பாலும் சொந்தக் கிணற்றிலிருந்து மோட்டார் வழியாக மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து இறங்கும்.

1956 நவம்பர் 1-இல் மாநில எல்லை பிரிந்தபோது பக்கத்து விளவங்கோடு தாலுகா அன்றைய சென்னை மாநிலத்தோடு போனது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. ஆட்சிமொழி பிரிந்தாலும் கட்டுமானம் பிரியவில்லை. எல்லை ஊரான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே கருங்கல் அஸ்திவாரம், அதே செம்மண் நிரப்பு, அதே காவித்தரை. ஆகவே இங்கே சொல்லும் முறை தமிழ்நாட்டுப் பக்கத்து மார்த்தாண்டத்து வீட்டுக்கும் பொருந்தும்.

பிளாஸ்டிக் குழாய் வீட்டுக்குள் பரவுவதற்கு முன்பு கட்டிய வீடுகளில் ஜி.ஐ. குழாய்தான் போட்டார்கள். இரும்புக் குழாய்க்குத் துத்தநாகப் பூச்சு கொடுத்தால் அது ஜி.ஐ. ஆகும். தொட்டியிலிருந்து ஒரே ஒரு குழாயைச் சுவரோரம் இறக்கி, தரைக்கடியில் படுக்கவைத்து, அடுக்களைக்கு ஒரு கிளை, குளிமுறிக்கு ஒரு கிளை என்று பிரித்தார்கள். மேலே 4 அங்குலம் ஜல்லிக் கான்கிரீட், அதற்கு மேல் காவியோ மொசைக்கோ. பிற்காலத்தில் அதையும் மூடி டைல்ஸ். குழாய் எங்கே போகிறது என்பது கட்டிய பிளம்பருக்கு மட்டும் தெரியும். அவரும் இப்போது ஊரில் இருப்பது அரிது.

குழாய்தான் கசிகிறதா

ஈரம் கண்டதும் கடப்பாரை எடுப்பது முதல் தவறு. இடவப்பாதியும் துலா மழையும் என இரண்டு பருவமழை பெய்யும் ஊர் இது. ஜூனிலும் அக்டோபரிலும் தரை வியர்ப்பதற்குக் குழாய் காரணமாக இருக்க வேண்டியதில்லை. மண்ணின் ஈரம் கருங்கல் இடுக்கு வழியே தானாக ஏறும். மாசி, பங்குனியில் மழையே இல்லாதபோதும் அதே இடம் ஈரமாக இருந்தால் குழாயைச் சந்தேகிக்கலாம்.

வேறு அடையாளங்களும் உண்டு. சுவரடியில் வெள்ளைப் பொடி பூக்கும். டைல்ஸைத் தட்டினால் ஓரிடத்தில் மட்டும் பொள்ளலாகச் சத்தம் கேட்கும். கசிவு உள்ளே இருக்கும் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு போயிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். காலையில் முதலில் திறக்கும் குழாயில் தேயிலை நிறத்தில் தண்ணீர் வரும். முன்பு ஒருநாளைக்கு ஒருமுறை போட்ட மோட்டாரை இப்போது இரண்டுமுறை போட வேண்டியிருக்கும்.

இவையெல்லாம் சந்தேகங்கள். கணக்காகச் சொல்வது தொட்டிதான். இரவு 10 மணிக்கு எல்லாக் குழாய்களையும் மூடி, தொட்டிக்குள் தண்ணீர் நிற்கும் உயரத்தைக் குச்சியால் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். காலை 5 மணிக்கு யாரும் எழுந்து தண்ணீர் புழங்கும் முன் மறுபடி அளக்க வேண்டும். உள்விட்டம் 105 செ.மீ. உள்ள வட்டத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 8.7 லிட்டர் போயிருக்கிறது. ஏழு மணி நேரத்தில் 3 செ.மீ. இறங்கியிருந்தால் 26 லிட்டர். நாள் கணக்கில் 90 லிட்டருக்குப் பக்கம்.

அடுத்த இரவு, தொட்டியின் வெளிவழி வால்வை மூடிவிட்டு அதே சோதனையைச் செய்ய வேண்டும். அப்போதும் இறங்கினால் தொட்டியில்தான் கோளாறு. இறங்காவிட்டால் வால்வுக்குக் கீழே. கீழே என்றவுடன் தரைக்குப் பாய்ந்துவிடக் கூடாது. கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியில் கொஞ்சம் கட்டன் காப்பியை ஊற்றி, கால்மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விட்டுப் பார்க்க வேண்டும். கோப்பையில் நிறம் தெரிந்தால் குற்றவாளி அங்கே இருக்கிறான். தரையைக் கொத்த வேண்டாம், வாஷர் மாற்றினால் போதும்.

குடிநீர் வாரிய இணைப்பு உள்ளவர்களுக்கு இன்னும் எளிது. எல்லாக் குழாய்களையும், தொட்டிக்கு ஏறும் வழியையும் மூடிய பிறகும் மீட்டரில் உள்ள சின்னச் சக்கரம் சுற்றினால், மீட்டருக்கும் வீட்டுக்கும் நடுவே கசிகிறது. மீட்டருக்கு முன்னால் இருக்கும் பகுதி கேரள வாட்டர் அதாரிட்டியின் பொறுப்பு. அதில் கைவைக்காமல் 1916 என்ற எண்ணுக்குச் சொல்லிவிட வேண்டும்.

இரும்பு ஏன் இங்கே அழுகுகிறது

இந்தப் பகுதியின் செம்மண்ணில், வெட்டுக்கல் படிவத்தில் ஊறும் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் புளிப்புத்தன்மை உடையது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு பி.எச். 6.5 முதல் 8.5 வரை. கேரளத்து வெட்டுக்கல் கிணறுகள் பலவற்றில் அது 6.5-க்குக் கீழே நிற்கும். பி.எச். 6-க்குக் கீழே போனால் துத்தநாகப் பூச்சு வேகமாகக் கரையும். பூச்சு போன பிறகு உள்ளே இருப்பது வெறும் இரும்பு.

வெளிப்புறம் நடப்பது இன்னும் நுட்பமானது. ஒரே குழாயின் ஒரு பகுதி கான்கிரீட்டில், மறு பகுதி ஈர மண்ணில் என்று கிடந்தால், அது தனக்குத்தானே ஒரு பாட்டரி ஆகிவிடும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்பு பாதுகாப்பாக இருக்கும். அதற்கு விலை கொடுப்பது மண்ணில் இருக்கும் பகுதி. அதனால்தான் கான்கிரீட்டை விட்டுக் குழாய் மண்ணுக்குள் இறங்கும் இடத்தில், ஒரு கைப்பிடி நீளத்துக்குள், முதல் ஓட்டை விழுகிறது. மரை வெட்டிய இணைப்புகள் அடுத்த பலவீனம். மரை வெட்டும்போதே பூச்சு போய்விடும், சுவரின் கனமும் குறைந்துவிடும்.

ஒரு இடத்தில் ஓட்டை விழுந்த குழாய் மற்ற இடங்களிலும் அதே வயதோடுதான் கிடக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மேற்கொண்டு எடுக்கும் முடிவு சுலபமாகும்.

குளிர்நாட்டு வீடுகள் கற்ற பாடம்

புதைத்த குழாயால் அவதிப்படுவது நம் ஊர் மட்டுமல்ல. வட அமெரிக்காவின் பழைய வீடுகள் பலவற்றில் குளிர்காலத்துக்குக் கணப்பு எண்ணெய் எரிப்பார்கள். நிலவறையின் ஒரு மூலையில் 275 கேலன், அதாவது ஏறத்தாழ 1040 லிட்டர் கொள்ளும் தொட்டி. இன்னொரு மூலையில் எரிகலன். இரண்டையும் இணைப்பது விரல் பருமன்கூட இல்லாத செம்புக் குழாய். அதைக் கால் தட்டாமல் இருக்கக் கான்கிரீட் தரைக்குள் புதைத்தார்கள். சில பத்தாண்டுகளில் செம்பு அரித்து, எண்ணெய் சத்தமில்லாமல் மண்ணில் இறங்கியது. நம் குழாய் கசிந்தால் தண்ணீர்க் கணக்கோடு போகும். அங்கே தரையை உடைத்து மண்ணையே அள்ளி அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. வீட்டுக்காரரின் சேமிப்பையே கரைக்கும் செலவு.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் இதற்கென்று சட்டம் கொண்டுவந்து, 2011 செப்டம்பர் 30-க்குள் வீட்டுக்காரர்கள் இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும் என்றது. தொட்டியருகே பாதுகாப்பு வால்வு வைக்க வேண்டும், அல்லது எண்ணெய்க் குழாய்க்கு இன்னொரு உறைக்குழாய் மாட்ட வேண்டும். அங்கே தொழில் செய்பவர்கள் பெரும்பாலும் பழைய குழாயைத் தோண்டி எடுப்பதில்லை. அதைக் காலி செய்து, இரு முனையையும் அடைத்து, அப்படியே விட்டுவிடுவார்கள். பிளாஸ்டிக் உறை போட்ட புதிய செம்புக் குழாயைச் சுவரோரமாகவோ கூரையோரமாகவோ, கண்ணுக்குத் தெரியும்படி கொண்டுபோவார்கள். தரையைக் கடந்தே தீர வேண்டிய இடத்தில் மட்டும் உறைக்குள்.

எண்ணெயை எடுத்துவிட்டுத் தண்ணீரை வைத்தால், பெருங்கடவிளை வீட்டுக்கும் அதே வழிதான் சரி.

ஒட்டா, புதிய வழியா

பிளம்பர் வந்ததும் வழக்கமாகச் சொல்வது, "லீக்கு உள்ள எடத்த மட்டும் கொத்தி ஒரு கப்ளிங் போட்டாப் போதும் சாரே" என்பது. அன்றைக்கு அது மலிவாகத் தெரியும். ஆனால் நைந்த குழாயில் மரை வெட்டப் பிடிக்கும் பைப் ரெஞ்ச் பக்கத்து இணைப்பையும் சேர்த்தே முறுக்கும். அடுத்த ஓட்டை அதற்குப் பக்கத்திலேயே விழும். இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று தரை ஒட்டுப்போட்ட சட்டையாகிவிடும். காவித்தரையானால் இழப்பு இன்னும் பெரிது. பல வருடம் துடைத்துத் துடைத்து ஏறிய அந்தப் பளபளப்பைப் புதுக் காவியால் கொண்டுவர முடியாது.

ஒரு மாதிரி வீட்டை எடுத்துக்கொள்வோம். மாடி இல்லாத வீடு, ஓர் அடுக்களை, இரண்டு குளிமுறி. பழைய பாதையிலேயே புதிதாகப் போடுவதானால் 14 மீட்டர் நீளம், ஒரு அடி அகலத்துக்குத் தரையை வெட்ட வேண்டும். ஏறத்தாழ 4.3 சதுர மீட்டர் தரை போகும். வெட்டிய கழிவு, மண், மறுபடி கான்கிரீட், டைல்ஸ், கொத்தனார் கூலி எல்லாம் அதன்மேல் ஏறும்.

அதே வீட்டில் குழாயை மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவரோரம் கொண்டுபோய், தேவையான மூன்று இடங்களில் வெளிச்சுவர் வழியே இறக்கினால் கணக்கு இப்படி வரும்: மாடியில் 14 மீட்டர், இறக்கம் மூன்றுக்கும் சேர்த்து 10.5 மீட்டர், உள்ளே சில்லறையாக 6 மீட்டர். மொத்தம் 30.5. வெட்டுச் சேதத்துக்குப் பத்து சதவீதம் கூட்டினால் 33.5 மீட்டர். மொத்த நீளக் கணக்கில் 3 மீட்டர் குழாய் ஏறத்தாழ 12 வரும். தரையில் ஒரு கீறல் விழாது. கடையில் இந்தக் குழாய்களின் மொத்த விலையைக் கேட்டு, கொத்தனார் சொல்லும் தரைச் செலவோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முடிவு தானே தெரியும்.

கடைக்குப் போகும் முன்

வீட்டுக்குள் குடிநீருக்கு இப்போது பரவலாகப் போடுவது சி.பி.வி.சி. அதற்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 15778. குழாயின் மேலேயே அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்க வேண்டும். வெறும் பி.வி.சி. வெந்நீரைத் தாங்காது. கீசர் வழிக்கு அதைப் போடவே கூடாது.

அளவில் கஞ்சத்தனம் கூடாது. தொட்டித் தண்ணீருக்கு 10 மீட்டர் உயரம் இருந்தால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். ஒரே தளமுள்ள வீட்டில் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் அடுக்களைக் குழாய்க்கும் மூன்றரை மீட்டர்தான் இடைவெளி. அழுத்தம் 0.35 பார். இதில் குழாய் மெலிந்தால், எல்போ கூடினால், ஷவரில் நூல் மாதிரி தண்ணீர் வரும். மாடியில் ஓடும் தலைமைக் குழாய் ஒரு அங்குலம், இறங்கும் கிளை முக்கால் அங்குலம், கடைசி முனைக்கு மட்டும் அரை அங்குலம் என்று வைப்பது நல்லது.

வாங்க வேண்டிய மற்றவை: சி.பி.வி.சி.க்கென்றே உள்ள பசை, பிராஸ் மரை பதித்த எல்போக்கள், ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பால் வால்வு, யூனியன், கிளாம்ப், டெஃப்லான் டேப், பழைய குழாயை அடைக்க ஜி.ஐ. எண்ட் கேப். சுவரைக் கடக்கும் இடங்களுக்கு 40 மி.மீ. பி.வி.சி. துண்டுகள். பி.வி.சி. பசை மிச்சம் இருக்கிறது என்று அதை சி.பி.வி.சி.யில் தடவக் கூடாது. இணைப்பு பிடித்ததுபோலத் தெரியும், மாதங்கள் கழித்து விட்டுப்போகும்.

ரம்பத்தை எடுக்கும் முன் எர்த்

வீட்டின் எர்த் இணைப்பை எலக்ட்ரீஷியன் வந்து பார்க்காமல் வேலை தொடங்கக் கூடாது. பழைய வீடுகள் சிலவற்றில் தண்ணீர்க் குழாயையே எர்த்தாகப் பயன்படுத்தியிருப்பார்கள். ஃபிரிட்ஜின், கீசரின் எர்த் கம்பி சுவருக்குள் போய் ஜி.ஐ. குழாயில் கட்டப்பட்டிருக்கும். அந்தக் குழாயை அறுத்துப் பிளாஸ்டிக் போட்டால் வீட்டுக்கு எர்த்தே இல்லாமல் போகும். கீசரில் கசியும் மின்சாரம் குளிப்பவரின் உடம்பு வழியே மண்ணைத் தேடும்.

இன்னொரு ஆபத்து அறுக்கும் நேரத்தில். எங்கோ மின்கசிவு இருந்து குழாய் அதைச் சுமந்துகொண்டிருந்தால், குழாய் இரண்டாகும் நொடியில் இரு முனையையும் பிடித்திருப்பவர் கம்பியாகிவிடுவார். மெயின் சுவிட்சை அணைத்து, டெஸ்டரால் குழாயைத் தொட்டுப் பார்த்த பிறகே ரம்பம் வைக்க வேண்டும். தனி எர்த் குழி, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இரண்டும் இல்லாத வீட்டில், குழாய் வேலைக்கு முன்னால் அவற்றை முடிப்பதுதான் ஒழுங்கு.

சமையல் வாயுக் குழாய் தரையிலோ சுவரிலோ புதைந்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம். வாயு ஏஜென்சிக்குச் சொல்ல வேண்டும். வாசனை வந்தால் அவசர எண் 1906.

வேலை நடக்கும் வரிசை

முதல் நாள், பழைய குழாய் ஓடும்போதே புதிய வழியைக் கட்டி முடிக்க வேண்டும். வீட்டில் தண்ணீர் நிற்கப்போவது கடைசி நாளில் சில மணி நேரம் மட்டும்தான்.

தொட்டியின் வெளிவழியிலிருந்து புறப்படும் தலைமைக் குழாய் போகும் திசையில் லேசாகச் சரிந்தே போக வேண்டும். நடுவில் ஏதாவது திட்டைத் தாண்ட ஏற்றி இறக்கினால், அந்த மேட்டில் காற்று சிக்கிக்கொள்ளும். தண்ணீர் வருவதும் நிற்பதுமாக இருக்கும். ஏற்றம் தவிர்க்க முடியாத இடத்தில், தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேல் வரை ஒரு மெல்லிய காற்றுக் குழாயை நிறுத்த வேண்டும். தலைமைக் குழாயிலிருந்து பிரியும் ஒவ்வொரு கிளையின் தலையிலும் ஒரு பால் வால்வு. நாளைக்குக் குளிமுறியில் கோளாறு வந்தால் அடுக்களை தண்ணீரில்லாமல் கிடக்கக் கூடாது.

குழாயை நேராக, செங்குத்தாக வெட்டி, உள்விளிம்புப் பிசிரைக் கத்தியால் எடுத்து, பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பார்க்க வேண்டும். பிறகு குழாயின் வெளியிலும் இணைப்பின் உள்ளிலும் பசை தடவி, கால் சுற்றுத் திருப்பிச் செருகி, அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். உடனே விட்டால் குழாய் தானே பின்னால் வழுக்கி வரும். மழைத் தூறலில் இந்த வேலை ஆகாது.

கிளாம்புகள் படுக்கைக் குழாயில் மூன்றடிக்கு ஒன்று. அவை குழாயைத் தாங்க வேண்டும், நெரிக்கக் கூடாது. சி.பி.வி.சி. வெயிலில் நீளும். 10 மீட்டர் குழாய் 25 டிகிரி சூடேறினால் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் நீளும். இறுக்கிக் கட்டிய குழாய் நீள இடமில்லாமல் எல்போவை உடைக்கும். நீண்ட ஓட்டத்தில் ஓரிடத்தில் ‘ப’ வடிவில் ஒரு வளைவு விட்டால் அந்த நீட்சியை அது வாங்கிக்கொள்ளும்.

வெளியில் ஓடும் குழாய்க்கு வெள்ளை நிறத்தில் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட் அடிக்க வேண்டும். வெயிலின் கதிரும் படாது, மத்தியானத் தண்ணீர் கொதிக்கவும் செய்யாது. எண்ணெய்ப் பெயின்ட் கூடாது. எண்ணெயும் கிரீஸும் கரையான் மருந்தும் சி.பி.வி.சி.யில் மயிரிழைக் கீறல் உண்டாக்கும். உலோக மரைகளுக்குப் பழைய பழக்கத்தில் சணலும் பெயின்டும் சுற்றுவதும் அதே காரணத்தால் வேண்டாம், டெஃப்லான் டேப் போதும்.

சுவரைத் துளைக்கும் இடத்தில் குழாயைச் சிமென்டில் பதிக்காமல் 40 மி.மீ. உறைத்துண்டு வைத்து அதன் வழியே விட வேண்டும். லிண்டல் கான்கிரீட்டையும் பேஸ்மென்டின் மேல் ஓடும் பெல்ட்டையும் துளைக்காத இடமாகப் பார்ப்பது கொத்தனாரின் பொறுப்பு. அதை வீட்டுக்காரர் கூடவே நின்று பார்க்க வேண்டும்.

தரைக்கடியில் போயே தீர வேண்டும் என்றால்

சரிவில் வெட்டிய மனைகளில் சிலருக்குக் கீழ்மட்டத்தில் ஒரு அறை, கார் நிறுத்துமிடம், அல்லது முற்றத்தைத் தாண்டிய கழிப்பறை இருக்கும். அங்கே தரையைக் கடக்காமல் முடியாது. அப்போது குறுக்கு வழியில் மிகக் குறைந்த தூரத்தைத் தேர்ந்து, 63 அல்லது 75 மி.மீ. பி.வி.சி. குழாயை உறையாகப் புதைத்து, அதற்குள் தண்ணீர்க் குழாயை இணைப்பே இல்லாத ஒரே துண்டாக விட வேண்டும். உறையின் ஒரு முனை மற்றதைவிடத் தாழ்வாகவும், இரு முனையும் தரைக்கு மேல் திறந்தும் இருக்க வேண்டும். பிறகொரு நாள் உள்ளே கசிந்தால் தண்ணீர் தாழ்ந்த முனையில் வந்து தலைகாட்டும். குழாயை உருவிவிட்டுப் புதியதைச் செருகலாம். தரையை மறுபடி கொத்த வேண்டாம்.

தரையை வெட்ட ஆங்கிள் கிரைண்டர் ஓட்டுபவருக்கு என்95 முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். தண்ணீர் தெளித்துக்கொண்டே வெட்டினால் தூசி அடங்கும். அந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலை விட்டுப் போகாது. கருங்கல் கட்டுக்கு அடியில் தோண்டக் கூடாது.

சோதனை, பிறகு மாற்றம்

பசை காய ஒரு நாள் விட வேண்டும். பிறகு கீசரைக் கழற்றி வைத்துவிட்டு, குழாயில் தண்ணீர் நிரப்பி, காற்றை முழுக்க வெளியேற்றி, கையால் அடிக்கும் சோதனைப் பம்பால் 10 பார் வரை ஏற்றி ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும். முள் இறங்கக் கூடாது. பம்ப் இல்லை என்று காற்று கம்ப்ரஸரால் சோதிக்க யாராவது முன்வந்தால் தடுக்க வேண்டும். காற்றழுத்தத்தில் பிளாஸ்டிக் குழாய் வெடித்தால் சிதறும்.

சோதனை தேறியதும் பழைய வழியைத் துண்டிக்கலாம். தொட்டியருகே ஒரு வெட்டு, தாழ்ந்த முனையில் ஒரு வெட்டு. உள்ளே நிற்கும் தண்ணீரை வடித்து இரு முனையிலும் எண்ட் கேப் திருக வேண்டும். புதிய குழாயோடு பழையதன் எந்தக் கிளையையும் ஒட்டவைத்து விடக் கூடாது. தேங்கிய துருத்தண்ணீர் அங்கிருந்து அடுக்களைக்கு வரும். கசிந்த குழாய்க்கு இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. தொட்டி காலியாகும் நேரத்தில் அது வெளியே இருக்கும் அழுக்குத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். பழைய கிளையை முழுவதுமாக விலக்க அதுவும் ஒரு காரணம்.

முதல் தொட்டித் தண்ணீரில் 1000 லிட்டருக்கு 5 கிராம் என்ற கணக்கில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் சேர்த்து, எல்லாக் குழாய்களையும் மணம் வரும்வரை திறந்து மூடி ஒரு மணி நேரம் விட வேண்டும். பிறகு முழுவதையும் திறந்துவிட்டால் பசை வாடையும் போய்விடும்.

பொள்ளலாகச் சத்தம் கேட்ட டைல்ஸை மறந்துவிடக் கூடாது. கசிவு நின்றாலும் அடியில் மண் போன பள்ளம் அப்படியே இருக்கும். அங்கே ஒரு டைலைக் கழற்றி, கம்பியால் ஆழம் பார்த்து, மணலும் தண்ணீரும் விட்டு நிறைத்தபின் மெலிந்த கான்கிரீட் போட்டு மூட வேண்டும். நிரப்பிய மண்ணின்மேல் நிற்கும் பக்கத்தில் இது இன்னும் அவசியம். தரை முழுதாகக் காய ஒரு கோடை ஆகும், அதற்குள் பெயின்ட் அடித்தால் உரியும்.

கடைசியாக ஒரு வேலை. ஒரு வெள்ளைத்தாளில் வீட்டின் படத்தை வரைந்து, புதிய குழாய் போகும் வழி, ஒவ்வொரு வால்வும் இருக்கும் இடம், குழாயின் அளவு, கைவிட்ட பழைய குழாயின் இரு முனைகள், வேலை முடிந்த தேதி எல்லாவற்றையும் எழுதி, மின்சார மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைக்க வேண்டும். கைபேசியில் எடுத்த படம் கைபேசியோடு போய்விடும். அடுத்து அந்த வீட்டுக்கு வரும் பிளம்பர் முதலில் திறப்பது அந்தக் கதவைத்தான்.